கரைசலில் உடனே மறைந்துபோகும் மூலக்கூறை எக்ஸ் கதிர் ‘பார்த்தது’ என்று சொல்லலாமா?

1. நிறமாலைக்காரி

எல்லோருக்கும் வணக்கம். நான் முனைவர் பட்ட ஆய்வில் மூன்றாம் ஆண்டு. என் வேலை முழுக்க லேசர் நிறமாலை. ஒளி பட்டு உடையும் மூலக்கூறுகள் கரைசலில் எந்தக் கணத்தில் எந்த நிறத்தை உறிஞ்சுகின்றன என்று அளப்பேன். அடுத்த மாதம் எங்கள் குழுவில் உரை நிகழ்த்த வேண்டும். அதிவேக எக்ஸ் கதிர் விளிம்பு விளைவைக் கொண்டு, அதாவது அணுக்களில் பட்டுச் சிதறும் கதிர்கள் ஒன்றோடொன்று கலந்து உருவாக்கும் கோலத்தைக் கொண்டு, கரைசலில் சிறிது நேரமே வாழும் மூலக்கூறுகளின் வடிவத்தை எப்படி அறிகிறார்கள் என்பதுதான் பொருள்.

ஒரு வாரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரே இடத்தில் முட்டி நிற்கிறேன். கட்டுரைகள் எல்லாமே ‘நேரடியாகக் கண்டோம்’ என்று தொடங்குகின்றன. உள்ளே போய்ப் பார்த்தால் மேலும் கீழும் நெளியும் ஒரு வளைகோடு இருக்கிறது. அதன் மேல் கோட்பாட்டு வளைகோடு ஒன்றைப் பொருத்தி, ‘ஆகவே அயோடின் அணு இரண்டு கார்பனுக்கும் நடுவில் பாலமாக நிற்கிறது’ என்று முடிக்கிறார்கள். என் துறையில் ஓர் உறிஞ்சல் பட்டையைக் காட்டி மூலக்கூறின் வடிவம் இதுதான் என்று சொன்னால் யாரும் ஒப்ப மாட்டார்கள். இவர்களுக்கு மட்டும் அந்த உரிமை எங்கிருந்து வருகிறது? தெரிந்துகொள்ளவே கேட்கிறேன். உரையில் ‘பார்த்தார்கள்’ என்ற சொல்லை நம்பிக்கையோடு சொல்ல வேண்டும், இல்லையென்றால் சொல்லாமல் விட வேண்டும்.

2. ஒளிக்கற்றை

நீங்கள் முட்டி நிற்கும் இடம்தான் இந்தத் துறையின் மையமே. நான் சில ஆண்டுகள் ஒரு சின்க்ரோட்ரானில் (எலக்ட்ரான்களை வளையத்தில் சுற்றவிட்டு எக்ஸ் கதிர் பெறும் பெரிய இயந்திரம்) இந்தச் சோதனைகளை நடத்தியவன். கையில் செய்த அளவில் சொல்கிறேன்.

கரைசலை அரை மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் மெல்லிய தாரையாக ஓட விடுவோம். அதன் மேல் முதலில் லேசர்த் துடிப்பு விழும், வினை தொடங்கும். நாம் குறித்த இடைவெளி கழிந்ததும் எக்ஸ் கதிர்த் துடிப்பு வரும். சிதறிய கதிர் எதிரே இருக்கும் உணரியில் வளையங்களாகப் பதியும். தாரை ஓடிக்கொண்டே இருப்பதால் அடுத்த துடிப்புக்குப் புதிய கரைசல் தயாராக இருக்கும். இடைவெளியை 100 பிக்கோ வினாடி (பிக்கோ என்பது லட்சம் கோடியில் ஒரு பங்கு), 1 நானோ வினாடி, 1 மைக்ரோ வினாடி என்று மாற்றி மாற்றி எடுத்தால் வினையின் போக்கு கிடைக்கும்.

வளையம் ஏன் என்பதுதான் முக்கியம். படிகத்தில் மூலக்கூறுகள் அணிவகுத்து நிற்பதால் கூர்மையான புள்ளிகள் விழுகின்றன. கரைசலில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைப் பார்த்துக் கிடக்கிறது. திசையெல்லாம் சராசரியாகிக் கரைந்துபோனபின் மிஞ்சுவது அணுக்களுக்கு இடையிலான தூரங்கள் மட்டும். 1915இல் இயற்பியலாளர் டிபை எழுதிய சமன்பாடு இதைத்தான் சொல்கிறது. ஒவ்வோர் அணு இணையும் தன் இடைவெளிக்கு ஏற்ற ஓர் அலையை அந்த வளைகோட்டில் சேர்க்கும். இடைவெளி கூடினால் அலை நெருங்கும், குறைந்தால் அகலும். நீங்கள் பார்த்த நெளிவு அத்தனையும் இப்படிப்பட்ட அலைகளின் கூட்டுத்தொகை.

அலையின் உயரம் ஏறத்தாழ இரண்டு அணுக்களின் எலக்ட்ரான் எண்ணிக்கையைப் பெருக்கியதற்கு ஏற்ப இருக்கும். அயோடினுக்கு 53, கார்பனுக்கு 6. அயோடின்–அயோடின் இணை 2809, கார்பன்–கார்பன் இணை வெறும் 36. ஆரம்ப காலச் சோதனைகளில் பல அயோடின் சேர்மங்களாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

இன்னொன்று. ஒவ்வோர் இடைவெளிக்கும் லேசருக்கு முன்பாகவே, வழக்கமாக 3 நானோ வினாடி முன்னதாக, எக்ஸ் கதிரை விட்டு ஓர் அளவு எடுத்துவைத்து அதைக் கழித்துவிடுவோம். கட்டுரையில் நீங்கள் பார்த்தது அந்த வேறுபாட்டு வளைகோடு. வினையில் சேராத எல்லாமே கழித்தலில் போய்விடுகிறது.

3. படிகமணி

நான் முப்பது ஆண்டுகளாகப் படிகவியலில் இருப்பவன். தங்கையின் கேள்வி நியாயமானது என்றே நினைக்கிறேன். ‘எல்லாமே போய்விடுகிறது’ என்று ஒளிக்கற்றை சுலபமாகச் சொல்லிவிட்டார். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு லிட்டர் மெத்தனாலில் ஏறக்குறைய 25 மோல் மெத்தனால் இருக்கிறது. அதில் 50 மில்லிமோல் சேர்மம் கரைந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 500 கரைப்பான் மூலக்கூறுக்கு ஒரு கரைபொருள் மூலக்கூறு. லேசர் அதில் ஐந்தில் ஒன்றைத்தான் கிளர்த்துகிறது என்றால், 2500க்கு ஒன்று. அந்த ஒன்றின் வடிவ மாற்றத்தை மற்ற 2500 மூலக்கூறுகளும் சிதறடிக்கும் கதிருக்கு நடுவே தேடுகிறீர்கள். மொத்தச் சமிக்ஞையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. படிகத்தில் எனக்கு ஆயிரக்கணக்கான புள்ளிகள் கிடைக்கின்றன. உங்களிடம் இருப்பது ஒரே ஒரு வளைகோடு. அதை வைத்து அயோடின் பாலம் கட்டியிருக்கிறது என்று சொல்வது எனக்கு உறுத்துகிறது.

4. ஒளிக்கற்றை

உங்கள் கணக்கில் பிழையே இல்லை ஐயா. சமிக்ஞை அந்த அளவுதான், பல நேரம் அதைவிடவும் குறைவு.

ஆனால் சிறியது என்பதால் மட்டும் அளக்க முடியாமல் போவதில்லை. சின்க்ரோட்ரானின் சேமிப்பு வளையத்திலிருந்து வரும் ஒரு துடிப்பில் நூறு கோடி ஃபோட்டான் அளவுக்கு இருக்கும். வினாடிக்கு ஆயிரம் முறை, மணிக்கணக்கில் திரும்பத் திரும்ப எடுத்தால் எண்ணிக்கைப் பிழை சிறுத்துக்கொண்டே போகும். உண்மையில் தொல்லை கொடுப்பது அளவீட்டின் நடுவே மெல்ல நகரும் விஷயங்கள்: தாரையின் தடிமன், கதிரின் இடம், லேசரும் கதிரும் ஒன்றன்மேல் ஒன்று விழும் பொருத்தம். ஒருமுறை தாரை வரும் நுனியில் சேர்மம் சிறிது சிறிதாகப் படிந்து, தாரை ஒரு முடியளவு சாய்ந்துவிட்டது. வளைகோடு பார்க்க அழகாகவே இருந்தது. மறுநாள் காலை லேசர் இல்லாமல் எடுத்த இரண்டு படங்களைக் கழித்துப் பார்த்தபோதுதான், அங்கேயும் அதே அழகான நெளிவு இருப்பது தெரிந்தது. ஓர் இரவின் அளவுகள் முழுவதையும் தள்ளிவைத்தோம். அதற்குப் பிறகு, ஒவ்வொரு தொகுதியிலும் ‘ஒன்றும் நடக்கக் கூடாத’ வேறுபாட்டை முதலில் பார்க்காமல் நான் எதையும் பொருத்துவதில்லை.

கழித்தலில் போகாத ஒன்று இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வினையால் பாதிக்கப்பட்ட கரைப்பான் போகாது. அதைப் பற்றி இங்கே கணிப்பாளர் சொன்னால் நன்றாக இருக்கும்.

5. புதுவரவு

நான் இளங்கலை வேதியியல் மாணவன். அடிப்படைக் கேள்விக்கு மன்னிக்கவும். 100 பிக்கோ வினாடி என்பதே கற்பனைக்கு எட்டாத வேகமாக இருக்கிறது. அதுவும் போதாது என்று ஏன் சொல்கிறார்கள்?

6. நிறமாலைக்காரி

இது என் பக்கத்துக் கேள்வி தம்பி, நான் சொல்கிறேன். மூலக்கூறுக்குள் அணுக்கள் வினாடிக்கு 1 கிலோமீட்டர் என்ற அளவிலான வேகத்தில் நகர்கின்றன. அந்த வேகத்தில் 1 ஆங்ஸ்ட்ராம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) தூரத்தைக் கடக்க 100 ஃபெம்டோ வினாடி போதும். ஆயிரம் ஃபெம்டோ சேர்ந்தால்தான் ஒரு பிக்கோ. பிணைப்பு உடைவதும் அந்த நேரத்தில் முடிந்துவிடும். 100 பிக்கோ வினாடி அதைப் போல ஆயிரம் மடங்கு நீளம். நாரிஷும் போர்ட்டரும் ஒளித்துடிப்பால் இடைநிலைகளைப் பிடித்ததற்காக 1967இல் நோபல் பகிர்ந்துகொண்டார்கள். ஃபெம்டோ வினாடி லேசரால் பிணைப்பு உடைவதையே தொடர்ந்ததற்காக அகமது ஜுவைல் 1999இல் பெற்றார். இரண்டிலும் மூலக்கூறு எப்போது மாறுகிறது என்பது தெளிவாகத் தெரிந்தது. அதன் வடிவத்தை நிறத்திலிருந்துதான் ஊகிக்க வேண்டியிருந்தது. எக்ஸ் கதிரிடம் நாங்கள் எதிர்பார்ப்பதே அந்த வடிவத்தை.

7. ஒளிக்கற்றை

சரியாகச் சொன்னீர்கள். சேமிப்பு வளையத்தில் எலக்ட்ரான் கொத்தின் நீளமே துடிப்பின் நீளத்தைத் தீர்மானிக்கிறது. அதனால் அங்கே 100 பிக்கோ வினாடிக்குக் கீழே இறங்குவது கடினம். அங்கே நமக்குக் கிடைப்பது உடைந்தபின் எஞ்சி வாழும் இடைநிலைகள். உடையும் கணத்தைப் பிடிக்க, எக்ஸ் கதிர்க் கட்டற்ற எலக்ட்ரான் லேசர் வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் இருப்பது 2009இலும், ஜப்பானின் சாக்லா 2011இலும் ஒளி தந்தன. பிறகு கொரியாவின் போஹாங், ஜெர்மனியில் 2017இல் ஐரோப்பிய இயந்திரம். துடிப்பு சில பத்து ஃபெம்டோ வினாடி. அதற்குள் லட்சம் கோடி ஃபோட்டான்.

8. கணிப்பாளர்

நான் கணினியில் மூலக்கூறு இயக்கங்களைப் போலச் செய்து பார்ப்பவள். கரைப்பானைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். நான் பேச விரும்புவதும் அதைத்தான், ஏனென்றால் பலரும் கரைப்பானை வெறும் இரைச்சலாகவே நினைக்கிறார்கள்.

வேறுபாட்டு வளைகோட்டில் மூன்று பங்குகள் கலந்திருக்கும். முதலாவது கரைபொருளின் உள்ளே நடந்த மாற்றம். இரண்டாவது கரைபொருளுக்கும் அதைச் சூழ்ந்த கரைப்பானுக்கும் இடையிலான தூரங்களில் வந்த மாற்றம். 1934இல் ஃபிராங்கும் ராபினோவிச்சும் பேசிய ‘கூண்டு’ இதுதான். உடைந்த துண்டுகள் வெளியேற முடியாமல் கரைப்பான் சுவரில் மோதித் திரும்பி, மறுபடியும் சேர்ந்துகொள்ளும். மூன்றாவது வெப்பம். மூலக்கூறு வாங்கிய ஆற்றல் கரைப்பானுக்குக் கைமாறி அதைச் சூடாக்கும், பிறகு விரிவடையச் செய்யும். மூன்றாவது பங்குதான் பல சோதனைகளில் மற்ற இரண்டையும்விடப் பெரியது!

அதை எப்படிப் பிரிப்பது? கரைபொருளே இல்லாத தூய கரைப்பானை எடுத்து, அருகு அகச்சிவப்பு லேசரால் அதன் அதிர்வுகளை மட்டும் தூண்டிச் சூடாக்கி, அதே கருவியில் அளப்பார்கள். வெப்பநிலை ஒரு பாகை ஏறினால் வளைகோடு எப்படி நெளியும், அடர்த்தி குறைந்தால் எப்படி நெளியும் என்ற இரண்டு தனித்தனி வடிவங்கள் கையில் கிடைத்துவிடும். இரண்டும் காலத்திலும் பிரிந்தே நிற்கின்றன. சூடு பிக்கோ வினாடிகளில் ஏறும். விரிவதற்கு ஒலி அலை லேசர் விழுந்த பகுதியைக் கடந்தாக வேண்டும். பகுதி 100 மைக்ரோமீட்டர், ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 1 கிலோமீட்டர், ஆக 100 நானோ வினாடி அளவு. அதற்கு முன் கரைப்பான் விரியாமலேயே சூடாக, அழுத்தம் ஏறி நிற்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறு. கரைப்பானுக்கு எவ்வளவு வெப்பம் போனது என்பது எண்ணாகவே தெரிந்துவிடுவதால், கரைபொருள் எவ்வளவு ஆற்றலை இன்னும் தன்னிடம் வைத்திருக்கிறது என்பதும் தெரியும். நீங்கள் சொல்லும் வினைவழியில் உடையும் பிணைப்புகளும் உருவாகும் பிணைப்புகளும் அந்தக் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால், வளைகோடு எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும் வினைவழி தவறு.

9. படிகமணி

வெப்பக் கணக்கு இப்படி ஒரு கட்டுப்பாடாக வருவது எனக்குப் புதிது. நன்றி. இப்போது அந்தப் பாலத்துக்கே வருவோம். அது எப்படி நிறுவப்பட்டது?

10. ஒளிக்கற்றை

சொல்கிறேன், கொஞ்சம் விரிவாகவே.

1937இலேயே, எத்திலீனோடு புரோமின் சேரும்போது புரோமின் அணு இரு கார்பன்களோடும் ஒட்டிய மூன்று முனை வளையமாக நிற்கும் என்று ராபர்ட்ஸும் கிம்பாலும் சொன்னார்கள். சேர்க்கை வினையில் இரண்டு புரோமின்களும் ஏன் எதிரெதிர்ப் பக்கங்களில் போய் அமர்கின்றன என்பதை அது விளக்கியது. மின்சுமையுள்ள அயனிக்கு அது பொருந்தியது. மின்சுமையற்ற தனி உறுப்பிலும் (இணை சேராத எலக்ட்ரான் உள்ள துண்டு) ஹாலஜன் இப்படிப் பாலம் கட்டுமா என்பது நெடுங்காலக் கேள்வி. அதன் வாழ்நாள் குறைவு என்பதால் அதைப் படிகமாக்கிப் பார்க்க வழியில்லை.

2001இல் ஜுவைல் குழு வாயு நிலையில், எலக்ட்ரான் விளிம்பு விளைவைக் கொண்டு ஃப்ளூரின் ஏற்றப்பட்ட டைஅயோடோஈத்தேனைப் பார்த்தது. ஓர் அயோடின் கழன்றபின் மற்ற அயோடின் தன் கார்பனிலேயே நின்றது. பாலம் இல்லை. அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் ஹ்யோட்செர்ல் ஈ. பிறகு கொரியாவில் கைஸ்ட் நிறுவனத்தில் தன் குழுவை அமைத்தார். கிரெனோபிளில் உள்ள ஐரோப்பிய சின்க்ரோட்ரானில் மைக்கேல் வுல்ஃப் இருந்தார். இருவரின் குழுக்களும் சேர்ந்து, ஃப்ளூரின் இல்லாத டைஅயோடோஈத்தேனை மெத்தனாலில் கரைத்துச் சோதித்து 2005இல் வெளியிட்டன.

புற ஊதாத் துடிப்பு ஓர் அயோடினை உடைக்கிறது. எஞ்சுவது இரண்டு கார்பன், நான்கு ஹைட்ரஜன், ஓர் அயோடின். பாலம் கட்டியிருந்தால் அயோடின் இரு கார்பன்களுக்கும் சம தூரத்தில் நிற்கும். கட்டாவிட்டால் ஒரு கார்பன் அருகிலும் மற்றது தள்ளியும் இருக்கும். இந்த இரண்டு அமைப்புகளும் தரும் அலைகள் வேறு. 100 பிக்கோ வினாடி வளைகோட்டோடு பாலம்தான் பொருந்தியது, மற்றது கண்ணுக்குத் தெரியும்படி விலகியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு அதைவிட உறுதியான சான்று. அந்தத் தனி உறுப்பு, கரைசலில் அலையும் அயோடின் அணு ஒன்றைச் சந்தித்து, அயோடினோடு அயோடின் இணைந்த ஒரு மாற்றியமாக (அதே அணுக்கள், வேறு இணைப்பு) மாறுகிறது. அது பின்னர் எத்திலீனாகவும் அயோடின் மூலக்கூறாகவும் பிரிகிறது. அயோடின்–அயோடின் இணை எவ்வளவு வலுவான அலை தரும் என்று மேலே சொன்னேன் அல்லவா? அந்த இணை எப்போது புதிதாகத் தோன்றுகிறது, எப்போது நீளம் மாறுகிறது என்பது மைக்ரோ வினாடிகள் வரை தொடர்ச்சியாகத் தெரிகிறது. மொத்தக் காலத்தையும் ஒரே வினைவழியால் ஒரே நேரத்தில் பொருத்த வேண்டும். ஒரு புள்ளிக்கு மட்டும் ஏற்றபடி வளைத்துக்கொள்ள இடமில்லை.

11. படிகமணி

தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? இரண்டு வடிவங்களை முன்வைத்தார்கள், ஒன்று பொருந்தியது. மூன்றாவதை யாரும் நினைக்கவே இல்லையென்றால்? படிகத்தின் அடர்த்தி வரைபடத்தில் நான் எதிர்பாராத ஒரு நீர் மூலக்கூறு தானாகவே எழுந்து நிற்கும். நான் கேட்காததையும் அது காட்டும். உங்கள் வளைகோடு கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்கிறது. ஆகவே ‘பார்த்தோம்’ என்பதைவிட ‘முன்வைத்தவற்றுள் இதுவே நின்றது’ என்பதுதான் நேர்மையான வாசகம்.

12. கணிப்பாளர்

ஐயா சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஒரு வளைகோட்டில் எத்தனை தனித்தனித் தகவல்கள் இருக்க முடியும் என்று தோராயமாகக் கணக்கிடலாம். சிதறல் அளவின் உச்ச எல்லையை மூலக்கூறின் நீளத்தால் பெருக்கிப் பை (π) என்ற எண்ணால் வகுக்க வேண்டும். எல்லை ஓர் ஆங்ஸ்ட்ராமுக்கு 8, நீளம் 6 ஆங்ஸ்ட்ராம் என்றால் 15 எண்கள். அதிலும் சிலவற்றைக் கரைப்பான் எடுத்துக்கொள்ளும். பத்து அணுக்களின் எல்லா ஆயங்களையும் இதிலிருந்து பெற முடியாது. கனமான அணுக்களின் இரண்டு மூன்று தூரங்களைப் பெறலாம். ஹைட்ரஜன் எங்கே இருக்கிறது என்று யாராவது இந்த முறையில் அளந்ததாகச் சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

ஒப்புக்கொள்ளாத பாதி இது. வளைகோடு எதிர்பாராததைக் காட்டவே காட்டாது என்பது சரியில்லை. நல்ல பொருத்தத்துக்குப் பின்னும் எச்சத்தில், அதாவது அளவீட்டிலிருந்து கோட்பாட்டு வளைகோட்டைக் கழித்தபின் மிஞ்சுவதில், ஒழுங்கான அலை நின்றால், நாம் நினைக்காத ஓர் இணை அங்கே இருக்கிறது என்று பொருள். அதன் நெருக்கத்தை வைத்துத் தூரத்தையும் சொல்லிவிடலாம். எந்த இரண்டு அணுக்கள் என்பதைத்தான் சொல்லாது.

அயோடின் மூலக்கூறின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கார்பன் டெட்ராகுளோரைடில் அதை உடைத்தால், கூண்டு துண்டுகளைத் திருப்பி அனுப்புகிறது. அவற்றில் சில உடனே பழைய நிலைக்கு வராமல் ஒரு கிளர்ச்சி நிலையில் சிக்கி, நானோ வினாடிக் கணக்கில் நிற்கின்றன. இயல்பான பிணைப்பு நீளம் 2.67 ஆங்ஸ்ட்ராம். சிக்கியவற்றில் அது 3 ஆங்ஸ்ட்ராமைத் தாண்டுகிறது. அந்த நீட்சி வளைகோட்டில் தெரிகிறது.

13. நிறமாலைக்காரி

இதை எல்லாம் படித்தபின் என் துறையை வேறு விதமாகப் பார்க்கிறேன். மேலே சொன்ன சிக்கிய அயோடின், நிறமாலையில் எப்போதோ தெரிந்துவிட்ட நிலை. வாழ்நாள் எங்கள் பக்கத்திலிருந்து வந்தது, தூரம் உங்கள் பக்கத்திலிருந்து. இரண்டு முறைகளின் பலவீனங்களும் வேறு வேறு என்பதால், ஒரே விடை வரும்போது அதற்கு எடை கூடுகிறது.

இரும்புடன் மூன்று பைபிரிடின் சேர்ந்த அணைவில் இதை இன்னும் அழகாகச் செய்திருக்கிறார்கள். ஒரே எக்ஸ் கதிர்த் துடிப்பில் சிதறலையும் அளக்கிறார்கள், இரும்பு உமிழும் எக்ஸ் கதிரையும் அளக்கிறார்கள். உமிழ்வு எலக்ட்ரான்களின் சுழற்சி (ஸ்பின்) நிலையைச் சொல்கிறது. சிதறல் இரும்பு–நைட்ரஜன் பிணைப்பு 0.2 ஆங்ஸ்ட்ராம் நீண்டதைச் சொல்கிறது. ஒரே மாதிரி, ஒரே துடிப்பு, இரண்டு சாட்சிகள். இதை உரையில் கட்டாயம் சேர்ப்பேன்.

14. புதுவரவு

எல்லோரும் பிணைப்பு உடைவதைப் பற்றியே பேசுகிறீர்கள். பிணைப்பு உருவாவதை இப்படிப் பார்க்க முடியாதா?

15. ஒளிக்கற்றை

தம்பி, மிக நல்ல கேள்வி. உடைப்பதற்கு லேசரே கடிகாரத்தைத் தொடக்கிவைக்கும். சேர்வதற்கு இரண்டு மூலக்கூறுகள் கரைசலில் அலைந்து திரிந்து ஒன்றையொன்று சந்திக்க வேண்டும். எப்போது சந்திக்கும் என்று யாருக்குத் தெரியும்? எல்லா இணைகளும் ஒரே கணத்தில் தொடங்காவிட்டால் ஃபெம்டோ வினாடித் துடிப்பு இருந்தும் பயனில்லை.

இதற்கு ஹ்யோட்செர்ல் ஈயின் குழு கண்ட வழி தங்கம். தங்க டைசயனைடு அயனிகள் நீரில் மூன்று மூன்றாக, மிகத் தளர்வாக, ஒன்றையொன்று நெருங்கியே கிடக்கும். பிணைப்பு என்று சொல்லும் அளவுக்கு இல்லை. லேசர் பட்டதும் ஓர் எலக்ட்ரான் பிணைப்பை எதிர்க்கும் நிலையிலிருந்து பிணைப்பைக் கட்டும் நிலைக்குத் தாவுகிறது. சந்திப்புக்குக் காத்திருக்க வேண்டிய தேவையே இல்லை. எல்லா மும்மைகளிலும் ஒரே கணத்தில் பிணைப்பு உருவாகத் தொடங்குகிறது. தங்கத்துக்கு 79 எலக்ட்ரான். சிதறலுக்கு இதைவிட நல்ல அணு வேண்டாம்.

சாக்லாவில் செய்து 2015இல் வெளியிட்டார்கள். வளைந்து கிடந்த மும்மை ஒரு பிக்கோ வினாடிக்குள் நேராகி, தங்கங்கள் நெருங்கின. பிறகு நானோ வினாடிக் கால அளவில் நான்காவது தங்கமும் வந்து சேர்ந்தது. 2020இல் இன்னும் குறுகிய நேரப் பிரிப்போடு பார்த்தபோது, இரண்டு பிணைப்புகளும் ஒன்றாக உருவாகவில்லை என்று தெரிந்தது. முதலாவது 35 ஃபெம்டோ வினாடிக்குள், இரண்டாவது ஏறத்தாழ 360 ஃபெம்டோ வினாடியில்.

16. படிகமணி

இந்தத் தங்கச் சோதனையை நான் முன்பு படித்ததில்லை. நேற்று இரவு உட்கார்ந்து படித்தேன். வினைக்கு ஏற்ற மூலக்கூறைத் தேர்ந்தெடுத்த விதமே என்னை அசைத்துவிட்டது. கருவியின் வேகத்தைவிட அந்தத் தேர்வுதான் அந்தச் சோதனை.

சொல்லைப் பற்றி மட்டும் என் கருத்து மாறவில்லை. ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். என் வரைபடத்தில் அடர்த்தி தானாக எழுகிறது என்று சொன்னேன். அந்த வரைபடத்துக்கு வேண்டிய அலைக் கட்டங்களில் (ஒவ்வோர் அலையும் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற தகவல்) பெரும்பகுதி, நான் ஏற்கெனவே வைத்த மாதிரியிலிருந்துதான் வருகிறது. முப்பது ஆண்டுகளாக அதை ‘பார்த்தேன்’ என்றுதான் எழுதிவருகிறேன். உங்களுக்கு ஓர் அளவுகோல், எனக்கு ஓர் அளவுகோல் என்று வைத்திருந்தது சரியில்லை.

17. ஒளிக்கற்றை

ஐயா, இதற்கு நன்றி. என் பக்கத்திலும் திருத்திக்கொள்ள வேண்டியது உண்டு. எங்கள் கட்டுரைகளில் பொருந்திய வடிவம் பெரிய படமாக முதல் பக்கத்தில் வரும். பொருந்தாதவை பின்னிணைப்பில் கிடக்கும். வாசகருக்கு இரண்டாவதுதான் அதிகம் தேவை.

18. நிறமாலைக்காரி

அப்படியே செய்யப் போகிறேன். உரையின் முதல் படமாக, பாலம் இல்லாத வடிவத்தின் வளைகோட்டை அளவீட்டின் மேல் வைத்து, எங்கெங்கே விலகுகிறது என்று காட்டுவேன். அப்புறம்தான் பாலம். ‘பார்த்தார்கள்’ என்று ஒரு முறைகூடச் சொல்லப் போவதில்லை. ‘இந்தத் தூரங்களை அளந்தார்கள், இந்த வடிவங்களை விலக்கினார்கள்’ என்று சொல்வேன்.

கடைசியாக ஒன்று. கரைப்பானே மூலக்கூறின் வடிவத்தை மாற்றிய சோதனை ஏதாவது உண்டா? கணிப்பாளர் அக்கா, கரைப்பான் வெறும் இரைச்சல் இல்லை என்று நீங்கள் சொன்னது மனதிலேயே நிற்கிறது.

19. கணிப்பாளர்

உண்டு, 2013இல் வந்தது. டிரைஅயோடைடு அயனி, அதாவது மூன்று அயோடின் அணுக்கள் வரிசையாக. அதை அசிட்டோநைட்ரைல், மெத்தனால், நீர் மூன்றிலும் தனித்தனியே கரைத்து லேசரால் உடைத்தார்கள். உடைந்த மூலக்கூறின் அலைகள் வேறுபாட்டு வளைகோட்டில் எதிர்க்குறியோடு விழும் அல்லவா? அதைப் பிரித்தெடுத்து, உடைவதற்கு முன் அது எப்படி இருந்தது என்று கண்டுபிடித்தார்கள். மறைந்துபோனது விட்டுச்சென்ற பள்ளத்தை வைத்து அதன் உருவத்தை அளந்தது போல.

அசிட்டோநைட்ரைலில் நேர்கோடு, இரண்டு பிணைப்பும் சமம். மெத்தனாலில் நேர்கோடுதான், ஆனால் ஒரு பிணைப்பு நீண்டுவிட்டது. நீரில் நீளமும் சமமில்லை, நடுவில் வளைவும் விழுந்திருக்கிறது. ஹைட்ரஜன் பிணைப்பு வலுக்க வலுக்க அயனியின் சமச்சீர் குலைகிறது. தனிமையில் இந்த அயனியை எப்படிக் கணக்கிட்டாலும் அந்த வளைவு வராது. நீர் மூலக்கூறுகளைச் சுற்றிலும் நிறுத்தினால்தான் வரும்.